டக்ளஸ் சுயசரிதை 'மூணு பாக முழு செட்'னு பாத்தா உஷாரா இருங்க

அமெரிக்கால அடிமையா பொறந்து, தப்பிச்சு வந்து அடிமை முறைய எதுத்து போராடுன ஃபிரடெரிக் டக்ளஸ் தன்னோட கதைய மூணு தடவ எழுதினாரு. 1845ல ஒண்ணு, 1855ல ஒண்ணு, 1881ல ஒண்ணு, இந்த கடைசிய 1892ல இன்னும் சேத்து திருப்பி போட்டாரு. இந்த மூணும் சேந்த செட்டுன்னு ஆன்லைன்ல ஒரு செல்லர் போட்டிருந்தான், மாலுமி வேஷத்துல ரயிலேறி தப்பிச்ச கதை முழுசா உள்ள இருக்குன்னு விளம்பரம் வேற. அதுக்காகத்தான் காசே கட்டுனேன்.

வந்தது மூணு புத்தகம்தான், அதுல பொய் இல்ல. ஆனா 1845 புத்தகம் ஒண்ண மட்டும் கொட்ட கொட்ட எழுத்துல அடிச்சு மூணா வெட்டி மூணு அட்ட போட்டிருக்கான். வெட்டுன இடத்த பாத்தாதான் வயிறு எரியுது. அடிமைங்கள அடிச்சு பணிய வைக்கிறதுல பேர் போன கோவி, பதினாறு வயசு டக்ளஸ கட்டிப்போட நீளமான கயித்தோட லாயத்துக்குள்ள வந்து கால பிடிக்கிறான், பையன் திருப்பி அவன் கழுத்த பிடிக்கிறான், அங்க ரெண்டாம் பாகம் முடிஞ்சுபோச்சு! கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் நடந்த சண்டைங்க அது, மிச்சம் அடுத்த அட்டைக்குள்ள.

சரி, ரயில் கதை? இல்ல. 1845 புத்தகத்துல அது இருக்கவும் முடியாது. அப்ப அவரு சட்டப்படி இன்னொருத்தனோட சொத்து, எப்படி தப்பிச்சேன்னு சொன்னா உதவுனவங்க மாட்டுவாங்க, பின்னால வர்றவங்களுக்கும் வழி அடைபட்டுரும்னு சொல்லிட்டுத்தான் மறைக்கிறாரு. 1846 கடைசிலதான், இங்கிலாந்து நண்பர்கள் காசு தெரட்டி குடுத்து, விடுதலை பத்திரமே கைக்கு வந்துச்சு. 1838 செப்டம்பர் 3, பால்டிமோர்ல சிவப்பு சட்டையும் மாலுமி தொப்பியுமா ரயிலேறி, கண்டக்டர் கேட்டப்போ, தான் அடிமை இல்ல சுதந்திர மாலுமின்னு காட்ட இரவல் வாங்குன மாலுமி காகிதத்த நீட்டுனது, அதுல எழுதியிருந்த அடையாளத்துக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்ல, மேல இருந்த அமெரிக்க கழுகு சின்னத்த பாத்துட்டு கண்டக்டர் டிக்கெட் காச வாங்கிட்டு போயிட்டாரு, இதெல்லாம் 1881லதான் வருது.

இது பத்தாதுன்னு, அடிமை ஒழிப்பு தலைவர் கேரிசன் எழுதுன முன்னுரைய காணோம், ஏசுவோட மதம் வேற அடிமை வச்சிருக்கவன் மதம் வேறன்னு டக்ளஸ் விளாசுற பின்னிணைப்பயும் காணோம். ஸ்கேன் பண்ணத யாரும் படிச்சே பாக்கல போல, பாதி வரி குதறிக் கெடக்கு.

செல்லர்ட்ட கேட்டா "பக்கம் கிழிஞ்சிருக்கா சார்? இல்லன்னா ரிட்டர்ன் எடுக்க முடியாது"ங்கிறான். உள்ள வேற புத்தகம் இருக்குதேன்னு திரும்ப திரும்ப சொன்னேன், சாட்ட மூடிட்டான். ரீஃபண்ட் இன்னும் வரல.

வாங்குறவங்க சாம்பிள் பக்கத்துல அத்தியாய கணக்க பாருங்க, பதினொண்ணோட நின்னா அது 1845. 1855ல இருபத்தஞ்சு அத்தியாயம். மூணுமே காப்புரிமை முடிஞ்சதுதான், வட கரோலினா பல்கலைக்கழகத்தோட 'டாகுமென்டிங் தி அமெரிக்கன் சவுத்' தளத்துல ஃப்ரீயாவே படிக்கலாம்.

அதே ஆளு, டக்ளஸ் மாதிரியே அடிமையா இருந்த ஹாரியட் ஜேக்கப்ஸ் 1861ல எழுதுன புத்தகத்தயும் 'நாவல்'னு போட்டு, எடிட் பண்ண லிடியா மரியா சைல்ட் பேர ஆத்தரா போட்டு விக்கிறான். கிட்டத்தட்ட ஏழு வருஷம் நிமிந்து நிக்க முடியாத பரண்ல ஒளிஞ்சு கெடந்து தப்பிச்ச பொம்பள எழுதுன சொந்தக் கதைங்க அது, 1980கள்லயே பழைய கடிதங்கள வச்சு நிரூபிச்சாச்சு. அதயும் அவன்ட்ட வாங்காதீங்க.