எந்தப் பள்ளியில் சேர்ப்பது: சிறப்புப் பள்ளியா, ஊர்ப் பள்ளியா, வீடா?

ஆண்டுதோறும் எங்கள் வட்டார வள மையத்தில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடக்கும். எலும்பு, கண், காது, மனநலம் என மருத்துவர்களுக்கு நான்கு மேசைகள். சுவரோரம் ஐந்தாவது மேசை, சிறப்புப் பயிற்றுநராகிய எனக்கு. முதல் நான்கிலும் மருத்துவர் கேட்பார், பெற்றோர் பதில் சொல்வார்கள். என் மேசைக்கு வந்ததும் அது தலைகீழாகிவிடும். "எங்கே சேர்ப்பது, டீச்சர்?" என்பார்கள். இருபது ஆண்டுகளாக இதே கேள்விதான். பதில் மட்டும் பிள்ளைக்குப் பிள்ளை மாறுகிறது.

சட்டப்படி வழிகள் மூன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளை, அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, தான் விரும்பிய இடத்தில் இலவசமாகப் படிக்கலாம். கல்வி உரிமைச் சட்டத்துக்கு 2012இல் வந்த திருத்தம், கடுமையான குறைபாடோ பல வகைக் குறைபாடோ உள்ளவர்களுக்கு வீட்டுவழிக் கல்வியையும் சேர்த்துக்கொண்டது. "எல்லாப் பிள்ளைகளும் ஊர்ப் பள்ளிக்கே" என்பார் ஒரு சாரார். "சிறப்புப் பள்ளிதான் பாதுகாப்பு" என்பார் மறு சாரார். சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது. இரு சாராரும் அந்தப் பட்டியலைப் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதுதான் என் மனக்குறை.

காது கேளாத பிள்ளையிலிருந்து தொடங்குகிறேன், அதிகம் தவறு நடப்பது அங்கேதான். நான் போய்வரும் ஒரு பள்ளியில் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் இருந்தான். வகுப்பிலேயே அழகான கையெழுத்து அவனுடையது. கரும்பலகையில் இருப்பதை ஒரு புள்ளி விடாமல் எழுதிவிடுவான். "தொந்தரவே கிடையாது, தங்கமான பையன்" என்றார் வகுப்பாசிரியர். நோட்டைத் திருப்பி, அவனே எழுதிய 'மாடு' என்ற சொல்லைக் காட்டி, பக்கத்துப் பாடப்புத்தகத்தில் இருந்த படங்களில் எது என்று சைகையால் கேட்டேன். மரத்தைத் தொட்டான். நான்கு ஆண்டுகள் அந்த வகுப்பறையில் உட்கார்ந்து அவன் எழுதியதெல்லாம் அவனுக்குக் கோலம். மற்ற பிள்ளைகளோடு பெஞ்சில் இருந்தான், மதிய உணவு சாப்பிட்டான், வருகைப் பதிவேட்டில் பெயரும் இருந்தது. மொழி மட்டும் அவனிடம் வந்து சேரவில்லை.

காது கேளாதோர் பள்ளியில் அவனுக்குக் கிடைத்திருக்கக்கூடியது இதுதான்: தன்னைப் போன்ற இருபது பிள்ளைகள், விளையாட்டுத் திடலில் கைகளால் சண்டை, கைகளால் கேலி, கைகளால் கோள் மூட்டல். சைகை மொழியைப் பாடமாக யாரும் நடத்தாவிட்டாலும் அது திடலிலும் விடுதியிலும் தானாகத் தொற்றிக்கொள்ளும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் கிறித்தவ ஊழியர்கள் தொடங்கிய பள்ளிகளிலிருந்து இந்த மரபு தமிழ்நாட்டில் வருகிறது. அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள் வயதான பிறகும் பள்ளித் தோழர்களோடுதான் அதிகம் பழகுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த அளவுக்கு அது அவர்களுக்கு ஊர்.

அதற்குரிய விலையும் உண்டு. ஐந்து ஆறு வயதில் விடுதி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீடு. வீட்டில் யாருக்கும் சைகை தெரியாது; பிள்ளை விருந்தாளியாக வந்து விருந்தாளியாகப் போகும். கூடப் பிறந்தவர்களுக்கே அவனோடு பேச்சு இல்லாமல் போய்விடுகிறது.

மூன்றாவது பாதை ஒன்றும் இருக்கிறது, வயது இடம் கொடுத்தால். குறைபாட்டைப் பிறந்த சில மாதங்களிலேயே கண்டுபிடித்து, செவித்துணைக் கருவியோ, உள்காதில் அறுவை சிகிச்சை மூலம் வைக்கும் காக்ளியர் இம்பிளாண்டோ பொருத்தி, பேச்சுப் பயிற்சியும் கொடுத்துவிட்டால், பிள்ளை நேரே ஊர்ப் பள்ளிக்கே போகலாம். சென்னையில் 1969 முதல் இயங்கும் பால வித்யாலயா இதைத்தான் செய்கிறது. மூன்று வயதுக்கு முன்பே சேர்த்து, பேசவும் கேட்கவும் பழக்கி, ஐந்தாறு வயதில் சாதாரணப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் அறுவை சிகிச்சையும் இலவசம். ஆனால் அறுவை சிகிச்சை முடிந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். கருவி ஒலியை மட்டும்தான் கொடுக்கும். அந்த ஒலியைச் சொல்லாக மாற்ற ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும். பயிற்சி கிடைக்கும் நகரத்துக்கும் ஊருக்கும் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் என்றால், மூன்றாவது மாதத்தில் விட்டுவிடுகிறார்கள். கருவி பீரோவில் கிடக்கும்.

ஆக, காது கேளாத பிள்ளைக்கு என் தரவரிசை இது: சிறுவயதிலேயே கருவியும் விடாத பயிற்சியும் கிடைத்தால் ஊர்ப் பள்ளி, இல்லையென்றால் தயங்காமல் காது கேளாதோர் பள்ளி. இரண்டும் இல்லாமல் ஊர்ப் பள்ளியில் உட்காரவைப்பது மூன்றிலும் மோசம்.

பார்வையில்லாத பிள்ளைக்குக் கணக்கு வேறு. வகுப்பு பெரும்பாலும் வாயால் நடக்கிறது, அவனுக்குக் காது இருக்கிறது. கரும்பலகையில் எழுதுவதை ஆசிரியர் கூடவே வாய்விட்டுச் சொன்னாலே பாதிப் பாடம் சேர்ந்துவிடும். ஊர்ப் பள்ளியால் கொடுக்க முடியாதது பிரெய்ல், அதாவது விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து.

எழுத்தாணியால் பலகையில் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்க வேண்டும். அதாவது ஒவ்வோர் எழுத்தையும் கண்ணாடியில் பார்த்ததுபோல் கற்க வேண்டும். அச்சில் 'கொ' எழுதும்போது கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வரும். பிரெய்லில் 'க' குத்தி, அடுத்து 'ஒ' குத்தினால் தீர்ந்தது. இந்த இடத்தில் மட்டும் அவர்களுக்கு நம்மைவிட எளிது. விரல் நுனிக்கு இந்தப் புள்ளிகள் பழக நாள்தோறும் பயிற்சி வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை வந்து போகும் என்னால் அது முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஊர்ப் பள்ளியில் மட்டுமே படித்த பிள்ளைகள் பலர் கேட்டே படித்து, பத்தாம் வகுப்பில் சொல்வதை எழுதுபவரை வைத்துத் தேர்ச்சியும் பெறுகிறார்கள். ஆனால் தாங்களாக ஒரு வரி படிக்கத் தெரியாது. கைப்பேசி படித்துக் காட்டுகிறதே என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல்: காதால் மட்டும் கேட்டவருக்குப் 'பள்ளி'யில் எந்த 'ள', 'பல்லி'யில் எந்த 'ல' என்பது தடுமாற்றமாகவே இருக்கும்.

அதனால் இங்கே இரண்டையும் அடுத்தடுத்து வைக்கச் சொல்வேன். ஐந்தாம் வகுப்பு வரை பார்வையற்றோர் பள்ளி: பிரெய்ல், கைத்தடியோடு நடை, தானே துணி துவைத்து மடிப்பது. ஆறாம் வகுப்பிலிருந்து ஊர்ப் பள்ளி. நாளை அவர் வேலைக்குப் போகும் அலுவலகத்தில் எல்லோரும் பார்வையுள்ளவர்களாகத்தான் இருப்பார்கள்.

கை, கால் குறைபாடு மட்டும் உள்ள பிள்ளைக்கு ஒப்பீடே தேவையில்லை. ஊர்ப் பள்ளிதான். அங்கே தடை கட்டடம். சாய்தளம் ஓர் அடி உயர 12 அடி நீளம் வேண்டும் என்பது விதி. பல இடங்களில் நான்கு அடியில் முடித்துவிடுகிறார்கள். சக்கர நாற்காலியில் ஏறினால் பின்னால் சாயும். கழிப்பறைக் கதவு உள்பக்கம் திறந்தால் நாற்காலியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்த முடியாது. பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பது இதனால்தான்.

கற்றல் குறைபாடுள்ள பிள்ளைக்கும் ஊர்ப் பள்ளியே. சான்றிதழ் வாங்கிவிட்டால் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. இவற்றைப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பு ஓடிவந்து கேட்காமல் இருந்தால் சரி.

எனக்கே உறுதியான பதில் இல்லாத இடம், அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் மூளை முடக்குவாதமும். சிறப்புப் பள்ளிகளில் பெரும்பாலானவை தொண்டு நிறுவனங்கள் நடத்துபவை, நகரங்களில் இருப்பவை. தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தைப் போல் கிராமத்தில் வேர்விட்டவை குறைவு. ஊர்ப் பள்ளியில் இந்தப் பிள்ளைக்குத் தோழர்கள் கிடைப்பார்கள். ஆனால் 35 பேரை வைத்திருக்கும் ஆசிரியரிடம் தனித் திட்டம் கிடைக்காது. வீட்டுவழிக் கல்வியில் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் பயிற்றுநர் வருவார். மீதி நேரமெல்லாம் தாய்தான் பள்ளி. படுத்த படுக்கையான பிள்ளைக்கு அது வரம். ஆனால் நடக்கக்கூடிய, சிரிக்கக்கூடிய, கொஞ்சம் சத்தம் போடுகிற பிள்ளையையும் "வீட்டுவழிக்கு எழுதிவிடுங்கள்" என்று தள்ளிவிடுகிறார்களே, அதற்குச் சட்டத்தில் இடமில்லை. இந்த வகையில் நான் கேட்கும் கேள்வி ஒன்றே: நாளில் எத்தனை மணி நேரம் யாராவது அவனோடு பேசப்போகிறார்கள்? அது எங்கே அதிகமோ அங்கே சேருங்கள் என்கிறேன். சில நேரம் அந்த இடம் அங்கன்வாடியாகக்கூட இருக்கிறது.

சிறப்புப் பள்ளிகளை மூடிவிட வேண்டும் என்று வாதிடுபவர்கள் இத்தாலியைக் காட்டுவார்கள். 1977இலேயே சட்டம் போட்டுப் பிள்ளைகளைப் பொதுப் பள்ளிக்குக் கொண்டுவந்த நாடு அது. உண்மைதான். ஆனால் அங்கே பிள்ளையோடு சேர்த்துத் துணை ஆசிரியரையும் வகுப்புக்குள் கொண்டுவந்தார்கள். இங்கே 2021இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு, தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கும் அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கும் ஒரு சிறப்பாசிரியர் என்று விகிதம் வந்தது. நான் இன்னும் பல பள்ளிகளுக்கு ஒருத்தியாகத்தான் பஸ் ஏறிக்கொண்டிருக்கிறேன். அது மாறும்வரை காது கேளாதோர் பள்ளியை மூடச் சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

இந்த ஆண்டு முகாமில் நான்கு வயதுப் பெண் குழந்தை. இரு காதுகளிலும் கடுமையான குறைபாடு. அழைத்துவந்தவர் பாட்டி. "விடுதிக்கு மட்டும் அனுப்பமாட்டேன்" என்று உட்காரும்போதே சொல்லிவிட்டார். மாவட்டத் தலைநகரில் விடுதியில் தங்காமல் பகலில் வந்துபோகலாம் என்ற காது கேளாதோர் பள்ளி ஒன்று உண்டு. பஸ் எண்ணை எழுதிக் கொடுத்தேன். துணைக்குச் செல்பவருக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதவும் சொன்னேன். காதுக்கருவிக்கான அளவெடுக்க அடுத்த வாரம் வரவேண்டும் என்பதையும் குறித்துக் கொடுத்தேன். பேச்சு நீண்டுகொண்டிருக்க, குழந்தை பாட்டியின் முந்தானையை இழுத்து, வலது உள்ளங்கையை இடது உள்ளங்கையின் மேல் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிச் சட்டென்று திருப்பிக் காட்டியது.

"பசிக்கிறதாம், தோசை கேட்கிறாள்" என்றார் பாட்டி, எழுந்துகொண்டே.