மாடித்தோட்டக் கிட்: பை அருமை, கோகோபீட்டைக் கழுவாமல் போடாதீர்கள்

இரண்டு வருடம் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மதுரையில் எங்கள் மொட்டை மாடிக்காக, ஆடிப்பட்டத்தில் விதை போட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஆன்லைனில் வாங்கிய கிட் இது. அப்போதைய விலை 1,050 ரூபாய். ஆறு பை, 5 கிலோ கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டி, 2 கிலோ மண்புழு உரம், ஆறு விதைப் பாக்கெட், ஒரு சின்ன பாட்டில் வேப்பெண்ணெய்.

பையில் ஒரு குறையும் இல்லை. 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம், கனம் 220 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 220 கிராம்). இதற்கு முன்பு அரிசிச் சாக்கில் வெண்டை வைத்திருந்தேன், நாலே மாதத்தில் வெயில் பட்டுச் சாக்கு தொட்டாலே உதிர ஆரம்பித்துவிட்டது. இந்தப் பைகள் இரண்டு அக்னி நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டன, தையல்கூடப் பிரியவில்லை. இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தால் தண்ணீர் நன்றாக வடிகிறது, தளமும் ஈரம் கோக்காது.

கோகோபீட்தான் என்னை அழவைத்தது. "அப்படியே பயன்படுத்தலாம்" என்று அட்டையில் போட்டிருந்தார்கள். நானும் அப்படியே ஊறவைத்து, வந்த மண்புழு உரத்தைக் கலந்து, கத்தரி நாற்றை நட்டுவிட்டேன். பத்து நாளில் இலை ஓரமெல்லாம் தீய்ந்தது போலப் பழுப்பாகிவிட்டது. வெயில் என்று நினைத்து வலை கட்டினேன், பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்தேன். கடைசியில் பக்கத்து வீட்டு அக்கா வந்து, பையின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டையைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருந்ததை நகத்தால் சுரண்டிக் காட்டினார். "உப்பு பூத்திருக்கு பாரு, கழுவாமலா போட்ட?"

தேங்காய் மட்டையிலேயே பொட்டாசியமும் சோடியமும் நிறைய இருக்கிறது, மட்டையை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் இன்னும் ஏறும். கழுவாமல் கட்டியாக அழுத்தினால் அத்தனையும் செடிக்குத்தான் போகும். அப்புறம் எல்லாவற்றையும் டிரம்மில் கொட்டி, பழைய வேட்டியில் வடிகட்டிப் பிழிந்தேன். முதல் பிழிசலில் டீ டிகாக்‌ஷன் மாதிரி தண்ணீர், ஆர்ஓ தண்ணீருக்கு வைத்திருக்கும், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை விட்டால் 1,740 காட்டியது. மூன்றாவது தடவை கழுவியதும் 430. இதற்கு மழைத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோதான் சரி, உப்புப் போர்த் தண்ணீரில் கழுவிப் பயனில்லை.

இன்னொன்று, உரம் போதவே போதாது. கட்டி ஊறினால் 70 லிட்டர் வரும், அத்தனைக்கும் 2 கிலோ உரம் எந்த மூலைக்கு? கோகோபீட்டில் சத்து என்று எதுவும் பெரிதாகக் கிடையாது. சரியாக மக்காத நார்த்தூளாக இருந்தால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாக நிற்கும். சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் போட்டு நார்க்கழிவை மக்கவைக்க வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லித்தருவது இதனால்தான். நான் மக்கிய தொழு உரம் 15 கிலோவும் கொஞ்சம் செம்மண்ணும் கலந்தேன், ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் பைக்குப் பை போட்டேன். அதன் பிறகு மறுபடி நட்டது அதே கத்தரி, அதே பை, இலை உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தது.

விதை சுமார். வெண்டையும் சிறுகீரையும் நன்றாக முளைத்தன. மிளகாயில் பத்துக்கு இரண்டுதான். பாக்கெட்டில் ரகத்தின் பெயர் இல்லை, முளைப்புத்திறன் சதவீதம் இல்லை, பரிசோதித்த தேதியும் இல்லை. இந்த மூன்றும் இல்லாத பாக்கெட்டை இப்போதெல்லாம் நான் தொடுவதில்லை. தக்காளிக்குப் பெரியகுளத்து பிகேஎம் 1 ரகத்தைத் தனியாக வாங்கிப் போட்டேன், பொங்கல் வரைக்கும் ரசத்துக்குத் தக்காளி கடையில் வாங்கவில்லை.

பேக்கிங், டெலிவரி எல்லாம் சரியாகவே இருந்தது. அட்டையில் அந்த ஒரு வரிக்குப் பதிலாக "மூன்று முறை கழுவவும்" என்று அச்சடித்திருந்தால் என் முதல் ஆறு நாற்றும் பிழைத்திருக்கும், இதைக் கடைக்காரர்களுக்கும் எழுதிப் போட்டேன், பதில் வரவில்லை. போன மாதம் இன்னும் பத்துப் பை வேண்டியிருந்தபோது இவர்களிடமேதான் வாங்கினேன். வெறும் பை மட்டும்.