யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கை ரெஸ்டோரேஷனுக்கு விடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்

வீட்டில் பல வருடமாகத் தூசி படிந்து கிடக்கும் ஆர்எக்ஸ் 100-ஐ "ஃபுல் ரெஸ்டோரேஷன்" (முழுக்கப் பிரித்துப் பழையபடி புதிதாக்குவது) பண்ணலாம் என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். கடை பெயரைப் போடவில்லை, விவகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சென்னைப் புறநகர், ரீல்ஸில் பளபளவென்று வண்டியைச் சுற்றிச் சுற்றிக் காட்டும் ரகம், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

காசு அதிகம் பிடுங்கினார்கள் என்பது என் புகாரே இல்லை. பழைய வண்டி என்றால் சொன்ன தொகைக்கு மேல்தான் ஆகும், அது தெரிந்ததுதான். என் புகார், உள்ளே இருந்த பாகங்கள் போய்விட்டன என்பது. 1985இல் வந்து 1996இல் நின்றுபோன வண்டி இது. கம்பெனி ப்ளாக் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்), கிராங்க், மிக்குனி கார்புரேட்டர் எல்லாம் இனி புதிதாக வரப்போவதில்லை, பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டை முழுக்க அலைந்தாலும் நல்லதாகக் கிடைப்பது அதிர்ஷ்டம். ஆகவே ஓடாமல் கிடக்கும் ஒரு 1989 மாடல் கடைக்குள் வந்தால், கடைக்காரர் கண்ணுக்குப் பெயின்ட் போன டேங்க் தெரியாது, உள்ளே இருக்கும் ப்ளாக்தான் தெரியும்.

எங்கள் வண்டி சித்தப்பாவுடையது. பீகாக் ப்ளூ டேங்க், க்ரோம் மட்கார்டு என்று திரும்பி வந்தபோது தெருவே நின்று பார்த்தது. நான் குனிந்து எஞ்சினைப் பார்த்தேன். ப்ளாக்கில் சைலன்சர் பக்கம் ஒரு ஃபின் (சூட்டைத் தணிக்கும் தகடு) ஓரம் நகம் அளவுக்கு உடைந்திருக்கும், சித்தப்பா ஒருமுறை மண் ரோட்டில் விழுந்ததில் ஆனது, சின்ன வயதில் அந்த உடைசலில் விரல் வைத்துப் பார்த்திருக்கிறேன். இதில் எல்லா ஃபின்னும் முழுசாக இருந்தது. கடைக்காரரைக் கேட்டால், "வெல்டிங் வச்சு கிரைண்ட் பண்ணிட்டோம் ப்ரோ, தெரியவே தெரியாது" என்றார். ஓட்டை ஃபுட்ரெஸ்ட் ரப்பரை மாற்றாமல் விட்டவர், யாரும் கேட்காமலே ஃபின்னுக்கு வெல்டிங் வைத்தாராம்.

சாவியைக் கையில் கொடுக்கும்போதுதான் இன்னொன்றும் சொன்னார், எஞ்சினுக்குத் தானாக ஆயில் கொடுக்கும் பம்பைக் கழற்றிவிட்டார்களாம், இனி பெட்ரோலில் 2டி ஆயில் கலந்து ஊற்ற வேண்டுமாம். பலரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை, கழற்றிய பம்ப் எங்கே என்றுதான் கேட்டேன். "அது ஸ்கிராப் ப்ரோ." கார்புரேட்டரும் ஸ்கிராப், பழைய மட்கார்டும் ஸ்கிராப். ஸ்கிராப் என்றாலும் என்னுடைய ஸ்கிராப்தானே?

அப்புறம் ஜிஎஸ்டி ரோட்டில், சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி, நல்ல வேகத்தில் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துப் பின்சக்கரம் கிறீச்சென்று நின்றது. சட்டென்று கிளட்ச் பிடித்ததால் தப்பித்தேன். வேறொரு மெக்கானிக் அண்ணன் ஹெட்டையும் ப்ளாக்கையும் கழற்றி, பிஸ்டன் தலையைத் துணியால் துடைத்துக் காட்டினார். 100 என்று அடித்திருந்தது. அதாவது 50 மி.மீ. போர் (பிஸ்டன் ஓடும் துளையின் விட்டம்) கடைந்து கடைந்து ஏற்கெனவே ஒரு மில்லிமீட்டர் பெரிதாகிவிட்டது, இனி கடைய முடியாத லாஸ்ட் போர். எங்கள் ப்ளாக் ஒருமுறைகூட போர் பண்ணாதது. "தம்பி, இது உங்க ப்ளாக் இல்ல" என்றார், நான் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே. மேக்னெட்டோ பக்க கிராங்க் சீலைத் தொட்டால் பிளாஸ்டிக் போலக் கட்டியாக இருந்தது. பில்லில் "ஆல் சீல்ஸ் நியூ" என்று எழுதியிருக்கிறது. அந்தச் சீல் வழியாகக் காற்று இழுத்து, கலவையில் பெட்ரோலும் ஆயிலும் குறைந்து, சூடேறிப் பிடித்திருக்கிறது. "ஸ்டேஜ் டூ போர்ட்டிங்" (வேகம் கூட்ட சிலிண்டரின் வாயு வழிகளை ராவுவது) என்று தனியாகக் காசு வாங்கியிருந்தார்கள், எக்ஸாஸ்ட் போர்ட்டை அரத்தால் கண்டபடி மேலே ராவியதுதான் அது. மேட்டில் வண்டி ஏன் இழுக்கவில்லை என்பதும் புரிந்தது.

இதைவிடத் தலைவலி சேஸிஸ் நம்பர். ஃப்ரேமைச் சாண்ட்பிளாஸ்ட் அடித்து, நம்பரை டேப் ஒட்டி மறைக்காமல் அதன் மேலேயே பவுடர் கோட்டிங் போட்டுவிட்டார்கள். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க வேண்டும், அப்போது அந்த நம்பரைப் பென்சிலில் தேய்த்து எடுப்பார்கள். இப்போது தேய்த்தால் வெறும் கறுப்புதான் வருகிறது. அந்த இடத்தில் மட்டும் கெமிக்கல் வைத்து உரிக்க வேண்டும், நம்பர் எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

வண்டியை விடுபவர்கள் ப்ளாக், கிராங்க்கேஸ், கார்புரேட்டர் எல்லாவற்றிலும் வெளியே தெரியாத இடத்தில் ஆணியால் ஒரு கீறல் போட்டு, கடைக்காரர் முன்னாலேயே போட்டோ எடுங்கள். முகம் சுளித்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். எஞ்சின் பிரிக்கும் அன்று நேரில் நில்லுங்கள், போர் அளவை எழுதி வாங்குங்கள், கழற்றிய ஒவ்வொன்றும் சாக்குமூட்டையில் திரும்பி வர வேண்டும் என்று முதல் நாளே வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். எனக்குக் கொடுத்தது ஜிஎஸ்டி வரி போடாத எஸ்டிமேட் தாள்தான், ஆனால் பணம் அனுப்பிய பதிவும் அவர் பேசிய வாய்ஸ் மெசேஜும் இருக்கின்றன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு அதையெல்லாம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது.

சைலன்சர் பக்கம் ஃபின் ஓரம் உடைந்த ஸ்டாண்டர்ட் போர் ப்ளாக்கை யாராவது "ஒரிஜினல் ஜப்பான்" என்று உங்களிடம் விலை பேசினால், வாங்குவதற்கு முன் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்.