ராத்திரி 3 மணிக்கு யார் பக்கத்தில்?

அமெரிக்காவில் குழந்தைகள் தீவிர சிகிச்சைக்கான ஃபெல்லோஷிப் (குழந்தை மருத்துவம் முடித்தவர்களுக்கான சிறப்புப் பயிற்சி) 3 வருடம். வாரத்துக்குச் சராசரியாக 80 மணி நேரம் என்ற வரம்பு எல்லா இடத்திலும் பொது. இரவு ஏற்பாடுதான் இடத்துக்கு இடம் மாறும்.

சில மருத்துவமனைகளில் மூத்த மருத்துவர் வீட்டில் இருப்பார், போன் செய்து கேட்கலாம். தன்னம்பிக்கை சீக்கிரம் வரும் என்பார்கள். சரி. ஆனால் குழந்தையின் ஆக்சிஜன் அளவு இறங்க இறங்க மானிட்டரின் பீப் ஒலியும் தாழ்ந்துகொண்டே போகும்போது, "அவரை எழுப்பலாமா?" என்று தயங்குகிற ஒரு நிமிடம் மிகப் பெரியது.

வேறு சில இடங்களில் அவர் ராத்திரி முழுக்க வார்டிலேயே இருப்பார். எனக்கு இதுதான் பிடிக்கும். ஒன்று மட்டும், குழந்தையின் மூச்சுக்குழாயில் நாம் டியூப் செருகும்போது அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.