பூகோஷ் பாறை வரைபடம்: காரை கிராமம் வரை கையோடு கொண்டுபோய்ப் பார்த்தேன்

நாட்டின் எந்த மூலையில் நின்றாலும் காலுக்குக் கீழே இருப்பது என்ன பாறை, அது எந்தக் காலத்துப் பாறை என்று சொல்லும் வரைபடம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நடத்தும் பூகோஷ் தளத்தைத்தான் சொல்கிறேன். பெயரும் மின்னஞ்சலும் கொடுத்துப் பதிவு செய்துகொண்டால் தரவையே இறக்கிக்கொள்ளலாம். நான் அதை கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் திறந்து, அச்செடுத்து, பெரம்பலூர் பக்கம் இரண்டு நாள் நடந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் 1:20,00,000 அளவு வரைபடத்தைத் திறங்கள். அதில் ஒரு சென்டிமீட்டர் 20 கிலோமீட்டர், நாடு முழுவதும் ஒரே பார்வையில் வந்துவிடும். மகாராஷ்டிரத்தை ஏறக்குறைய முழுசாக மூடியிருக்கும் அந்த ஒற்றைத் திட்டு தக்காண எரிமலைக் குழம்பு, சுமார் 6.6 கோடி வருடத்துக்கு முன்னால் ஓடி இறுகியது. சென்னைப் பக்கம் பல்லாவரத்தைச் சொடுக்கினால் சார்னோக்கைட் என்ற கடினமான கரும்பாறை வரும். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும், கொல்கத்தாவில் இருப்பது, இதே பாறைதான், பாறையின் பெயரும் அவர் பெயரிலிருந்து வந்ததுதான். இப்படியே ஊர் ஊராகச் சொடுக்கிக்கொண்டே ஒரு ராத்திரி போய்விட்டது எனக்கு.

ஆனால் உண்மையான விஷயம் 1:50,000 அளவில்தான் இருக்கிறது. இங்கே 2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். ஒரு திட்டைச் சொடுக்கினால் பாறையின் வகை, அது சேர்ந்த தொகுதி, காலம் எல்லாம் தனித்தனிக் கட்டங்களில் வரும். வகையையும் வயதையும் இப்படிச் சேர்த்துத் தருவதுதான் இதன் பெரிய பலம் என்பேன், ஏனென்றால் சுண்ணாம்புக்கல் என்று மட்டும் சொன்னால் அது எந்தக் கடல், எப்போதைய கடல் என்று தெரியாது, வயதை மட்டும் சொன்னால் கிணறு வெட்டுகிறவருக்கு அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாது.

நான் எடுத்துப்போனது 58 ஐ/16 என்ற தாள், காரை கிராமம் அதில்தான் வருகிறது. மேற்கே நைஸ் என்ற வரிவரியான உருமாறிய பாறையும் சார்னோக்கைட்டும், சுமார் 250 கோடி வருடப் பழசு. கிழக்கே கிரெட்டேசியஸ் காலத்துக் (டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலம்) கடல் களிமண், வயது 10 கோடி வருடத்துக்கு அப்படி இப்படி. வரைபடத்தில் இரண்டுக்கும் நடுவில் இருப்பது மெல்லிய ஒரு கோடு, அவ்வளவுதான், ஆனால் அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு எட்டு வைத்தால் 240 கோடி வருடத்தைத் தாண்டிவிடுகிறோம்! இடையில் இருந்த மலைகள் எல்லாம் கரைந்து போய், அந்த மொட்டைப் பாறை மேல் கடல் ஏறி வந்து வண்டலைப் போட்டிருக்கிறது. வீட்டில் திரையில் பார்த்தபோது எனக்கு இது உறைக்கவே இல்லை. அங்கே போய் நின்றபோது சும்மா பேசாமல் நின்றுகொண்டிருந்தேன்.

கோடு போகிற இடத்தில் ஒரு பெரியவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். தாளைக் காட்டினேன். "இதுக்கு எதுக்கு தம்பி படம், இந்தப் பக்கம் செவக்காடு, அந்தப் பக்கம் கரிசக்காடு, கடலையும் பருத்தியும் பார்த்தாலே தெரியுமே" என்றார். அவர் சொன்னது அப்படியே சரி. நைஸ் சிதைந்தால் செம்மண், அந்தக் கடல் களிமண் சிதைந்தால் கரிசல்.

காரைக்குக் கிழக்கே போகப்போக பாறை இளமையாகிக்கொண்டே வரும்: ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகள். ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் பகுதியை ஆராய்ந்து 1862-ல் வெளியிட்டதில் இருக்கும் பெயர்கள் இவை, இன்றைக்கும் வரைபடத்தில் அப்படியே நிற்கின்றன. சாத்தனூர் கல்மரம் திருச்சினாப்பள்ளித் தொகுதியில் வருகிறது. 1940-ல் அதை வெளியுலகுக்குச் சொன்ன எம்.எஸ். கிருஷ்ணன் பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநராகவும் ஆனார். அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்குப் போகும் சுண்ணாம்புக்கல் மூன்றாவது தொகுதியில்.

வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை என்று எழுதுவார்களே, இதற்கு விலை இல்லாவிட்டாலும் சில உண்டு. வயது பெரும்பாலும் வருடக் கணக்கில் இருக்காது, ஆர்க்கியன், கிரெட்டேசியஸ் என்று காலப் பெயராகத்தான் இருக்கும், அதனால் புவிக் கால அட்டவணை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 50 மீட்டர், கோட்டின் தடிமனே வயலில் பல மீட்டர் அகலம் வரும். போர்வெல் போடும் இடத்தை இதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மண் மூடிய இடத்தில் கோடு என்பது சுற்றுவட்டாரத்தில் தெரியும் பாறைகளைப் பார்த்து நிலவியலாளர் ஊகித்துப் போட்டது.

அச்செடுக்கும்போதும் கவனம். திருச்சியில் ஒரு கடையில் கொடுத்தேன், தாளுக்குள் அடங்கட்டும் என்று 80 சதவீதமாகச் சுருக்கி அடித்துவிட்டார்கள், என்னிடம் சொல்லவும் இல்லை. அளந்தால் 4 சென்டிமீட்டர், 2 கிலோமீட்டர்தானே என்று நடந்தேன், வெயிலில் இன்னும் அரை கிலோமீட்டர் மிச்சம் இருந்தது. அளவுக்கோட்டையும் படத்தோடு சேர்த்தே அடியுங்கள், சுருங்கினால் அதுவும் சேர்ந்து சுருங்கும்.

காரை ஓடைகளில் ஜிப்சம் மினுங்கும், பெலம்னைட் துண்டுகள் (கணவாய் போன்ற பழங்கால உயிரியின் புதைபடிவம்) காலில் தட்டும், அதிர்ஷ்டம் இருந்தால் சுருள் ஓடு கொண்ட அம்மோனைட் புதைபடிவமும். தயவுசெய்து படம் மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள். பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டால் அது எந்த அடுக்கில் கிடந்தது என்ற செய்தி அங்கேயே அழிந்துவிடுகிறது. ஒவ்வொரு தடவை போகும்போதும் முன்பு பார்த்ததைவிடக் குறைவாகத்தான் கண்ணில் படுகிறது, மனசு வலிக்கிறது.

அடுத்து நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி தாளை இறக்கி வைத்திருக்கிறேன். சந்திரயான்-2 சோதனைக்கு நிலவு மண் மாதிரி செய்ய அங்கிருந்துதான் அனார்த்தசைட் என்ற, நிலவிலும் இருக்கும் வெளிர்நிறப் பாறையை எடுத்தார்கள். இந்த முறை வேறு கடையில் அச்சுக்குக் கொடுத்து, அங்கேயே அளவுகோல் வைத்துப் பார்த்து வாங்கிவிட்டேன்.