மொறிஸ் மைனருக்கு எந்தச் சில்லு?

எங்கள் வீட்டு மொறிஸ் மைனர் 1000 கார் என்னைவிட மூத்தது. ரயர் மாற்றப் போன இடத்தில்தான் ஆசை பிடித்தது: ரயரோடு சில்லையும் மாற்றினால் என்ன?

யாழ்ப்பாணத்தில் இதற்கு மூன்று வழி. பழைய இரும்பு றிம்மையே மணல் அடித்துப் பெயின்ற் பூசிப் போடலாம். ஜப்பான் காரில் கழற்றிய அலோய், அதாவது கலப்பு உலோகச் சில்லு, வாங்கலாம். அல்லது மைனருக்கென்றே வார்த்த மினிலைட் பாணி அலோயை இங்கிலாந்திலிருந்து எடுப்பிக்கலாம். நான் ஜப்பான் அலோயில் எட்டு மாதம் ஓடிவிட்டு இரும்புக்குத் திரும்பியவன். ஆகவே பக்கச்சார்பு உண்டு, சொல்லிவிடுகிறேன்.

அழகைப் பற்றிச் சண்டை வேண்டாம். அலோய் போட்ட அன்று தெருவே திரும்பிப் பார்த்தது, உண்மைதான்.

சிக்கல் நட்டில் இருக்கிறது. நாலு போல்ட்டின் நடுவையும் தொட்டு ஒரு வட்டம் கீறினால், மைனரில் அதன் விட்டம் 4 அங்குலம், அதாவது 101.6 மில்லிமீற்றர். சின்ன ஜப்பான் கார்களில் பெரும்பாலும் 100. போல்ட் ஒன்றுக்கு 0.8 மில்லிமீற்றர்தானே வித்தியாசம் என்றார் விற்றவர். மைனரின் போல்ட் 3/8 அங்குலம், ஒன்பதரை மில்லிமீற்றர் தடிப்பு. அலோயின் ஓட்டை 12 மில்லிமீற்றர் போல்ட்டுக்காகத் துளைத்தது. அதனால் சில்லு தடையில்லாமல் ஏறிவிடும். ஏமாறுவதும் அங்கேதான்.

மைனரில் சில்லை நடுவில் நிறுத்துவது நட்டின் கூம்பு முனைதான். அந்தக் கூம்பு ஓட்டையின் சரிவில் சுற்றிவர ஒட்டி உட்கார வேண்டும். என் காரில் உட்காரவில்லை. காங்கேசன்துறை வீதியில் 60ஐத் தாண்டினால் ஸ்டியரிங் உதறும். இரண்டு தடவை பலன்ஸ் பார்த்தும் அதே கதை. கடைசியில் எங்கள் பழைய மெக்கானிக் அண்ணை ஒரு நட்டைக் கழற்றிக் கையில் தந்தார். கூம்பின் ஒரு பக்கம் மட்டும் பிறை மாதிரித் தேய்ந்து மினுங்கியது. மறுபக்கத்தில் உராய்ந்த அடையாளமே இல்லை.

"தம்பி, சில்லு ஏறினது சரி. இருந்ததோ எண்டு பாத்தனீங்களோ?"

ஒரு விளிம்பில் மட்டும் பிடித்த நட்டு ஓடஓட இளகும். இளகாவிட்டால் போல்ட் களைத்து முறியும். இரண்டு அளவையும் பொருத்த இடையில் அடாப்டர் தகடு போடலாம் என்பார்கள். அதன் தடிப்பு அளவுக்குச் சில்லு வெளியே தள்ளி மட்காட்டில் உரசப் பார்க்கும். முன்சில்லு திரும்பும் புரி மூட்டான கீழ் ட்ரனியனுக்கும் பாரம் கூடும். மைனர் வைத்திருப்பவர்களுக்கு ட்ரனியன் என்றாலே வயிறு கலங்கும்: கிறீஸ் காய்ந்து புரி தேய்ந்தால் கழன்றுவிடும், முன்சில்லு மடிந்து கார் குந்திவிடும். அதற்கு மேலும் வேலை கொடுக்க எனக்கு மனமில்லை. அப்புறம், அலோயில் போட்ட அகல ரயரோடு நின்ற இடத்தில் ஸ்டியரிங் ஒடித்துப் பாருங்கள், தோள் சொல்லும்.

மினிலைட் பாணி அலோயில் இந்தத் தொல்லை இல்லை. 101.6க்கே துளைத்தது, ஏற்ற நட்டும் வாங்கலாம். நண்பர் ஒருவரின் காரில் பருத்தித்துறை வரை ஒரு பின்னேரம் ஓடினேன். நூல் பிடித்த மாதிரிப் போனது. எங்கள் உப்புக்காற்றில் அதன் பூச்சு எத்தனை வருடம் தாங்கும் என்று ஒரு பின்னேர ஓட்டத்தை வைத்து நான் சொல்ல முடியாது. பள்ளத்தில் விழுந்து ஒன்று வெடித்தால் அடுத்ததற்குக் கப்பலைப் பார்த்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிச்சயம்.

இரும்பு றிம் நெளிந்தால் தட்டி எடுக்கலாம். குறையும் உண்டு: உள்ளே ரியூப், ஆணி குத்தினால் உடனே காற்று இறங்கும். மணல் அடித்த பிறகுதான் உண்மை முகமும் தெரியும். என் ஐந்து றிம்மில் ஒன்றின் போல்ட் ஓட்டைகள் நீண்டு முட்டை வடிவாகியிருந்தன. அதைக் கழித்துவிட்டு வேறொன்று தேடிப்பிடித்தேன்.

அலோய் நாலும் வாங்கிய விலையில் பாதிக்குத்தான் போயின. இரும்பு றிம்மோடு காரைப் பார்த்த இருவர், விற்கிறீர்களா என்று கேட்டுவிட்டார்கள். அலோயோடு நின்றபோது கேட்டவர்கள் அலோயின் விலையைத்தான் கேட்டார்கள்.

இப்போது தேடுவது ஒன்றே ஒன்று: நடுவில் எம் எழுத்துப் பொறித்த நிக்கல் மூடி. மூன்று இருக்கிறது, நாலாவது இல்லை. மூடியில்லாத சில்லைத் தெருப்பக்கம் தெரியாமல் மதில் ஓரமாக விட்டு நிறுத்துகிறேன்.