1967 பான்டியாக் ஜிடிஓ: பல வருடம் ஓட்டிப் பராமரித்த அனுபவம்

இந்த வண்டியைப் பார்த்தவுடன் எல்லோரும் கேட்பது இரண்டுதான்: எவ்வளவு வேகம் போகும், இப்போது என்ன விலை போகும். கூடவே வாழ்கிறவனுக்கு இந்த இரண்டுமே பெரிய விஷயமில்லை. அடிக்கடி வெளியே எடுக்கிறோமா இல்லையா என்பதுதான் விஷயம். பழைய அமெரிக்க மசில் கார்களை ஓட்டித் தேய்த்துக் கெடுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை, துணி போர்த்தி ஷெட்டில் நிறுத்திக் கெடுத்தவர்களைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். நிற்கும் வண்டியில் பெட்ரோல் கெட்டுப்போகிறது, ரப்பர் காய்ந்து வெடிக்கிறது, பிரேக் எண்ணெய் ஈரத்தை இழுத்து வீல் சிலிண்டரை உள்ளிருந்தே அரிக்கிறது. வாங்க நினைப்பவர்கள் ஓட்டுவதற்காக மட்டும் வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி.

நான் இருப்பது டெட்ராய்ட்டின் புறநகர். வண்டி இங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் பான்டியாக் நகரத்துத் தொழிற்சாலையில் செய்தது. 400 கன அங்குல வி8 எஞ்சின், நான்கு கியர் மேனுவல், ஹர்ஸ்ட் கம்பெனியின் கியர் மாற்றும் தண்டு (ஷிஃப்டர்). தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக்கூடாது என்று அறுபதுகளில் பான்டியாக்கின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு விதி வைத்திருந்தது. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய பொறியாளர்களும் 389 கன அங்குல எஞ்சினைத் தனி மாடலாகக் காட்டாமல், 1964 டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கான ஒரு கூடுதல் ஆப்ஷன் என்று விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த ஆப்ஷனின் பெயர்தான் ஜிடிஓ. நடுத்தர உடம்பில் பெரிய எஞ்சின் என்ற மசில் கார் வாய்ப்பாட்டை ஊரெல்லாம் பிரபலமாக்கியது அதுதான்.

நான் 67ஐத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. அதிகம் விற்றது 66. மூன்று கார்புரேட்டர் வைத்த டிரை-பவர் கிடைத்ததும் அந்த வருடத்தோடு சரி, அதனால் அதற்கு ரசிகர்கள் அதிகம். ஆனால் 67இல்தான் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் வந்தது. ஒரு பிரேக் குழாய் வெடித்தாலும் மற்ற இரண்டு சக்கரங்களில் பிரேக் மிஞ்சும். மோதினால் மடங்கிக்கொடுக்கும் ஸ்டீயரிங் தண்டும் அந்த வருடம்தான். முன் டிஸ்க் பிரேக் ஆப்ஷனும் அப்படியே. பிள்ளைகளை உட்கார வைத்து ஓட்டும் வண்டியில் இந்த மூன்றுக்கும் இடமுள்ள வருடத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது சேசிஸ் எண். 1966இலிருந்து ஜிடிஓ தனி மாடல், எண் 242 என்று தொடங்கும். 237 என்று தொடங்கினால் அது ஜிடிஓ சின்னங்கள் ஒட்டிய லெமான்ஸ். அதுவும் நல்ல கார்தான், ஆனால் ஜிடிஓ விலை கொடுக்காதீர்கள். 64, 65 வண்டிகளில் எண்ணை வைத்துச் சொல்ல முடியாது என்பதால் அங்கேதான் ஏமாற்று அதிகம். பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற இடத்துக்கு எண்ணை அனுப்பிப் பணம் கட்டினால், தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது போட்ட பில்லின் நகல் கிடைக்கும், எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ், என்ன நிறம் எல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்க்காமல் அட்வான்ஸ்கூடக் கொடுக்க வேண்டாம்.

அடுத்து துரு. மிச்சிகனில் குளிர்காலத்தில் சாலையெங்கும் உப்புக் கொட்டுவார்கள், இங்கே வாழ்ந்த வண்டி வெளியே பளபளவென்று இருந்தாலும் நம்ப முடியாது. பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள பள்ளம், டிக்கியின் தரை, பின் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள பாடியின் கீழ்ப்பகுதி, பின் சக்கரம் இருக்கும் இடத்தில் சேசிஸ் சட்டம் இந்த நான்கையும் படுத்துப் பாருங்கள். ஒரு சின்னக் காந்தம் கையோடு எடுத்துப் போங்கள், பட்டி பூசி மறைத்த இடத்தில் ஒட்டாது. மேலே வைனில் போர்த்திய கூரை இருந்தால் சந்தேகத்தை இரண்டு மடங்காக்கிக்கொள்ளுங்கள், அந்த வைனிலுக்கு அடியில் தண்ணீர் தங்கித் தங்கித் தகடு ஓட்டையாகியிருக்கும். எஞ்சின் வேலையை வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம், டிங்கர் வேலையும் பெயின்ட்டும்தான் பணத்தை விழுங்கும். ஓடாத எஞ்சினும் துருப்பிடிக்காத உடம்பும் உள்ள வண்டி ஒரு பக்கம், நன்றாக ஓடும் எஞ்சினும் அரித்துப்போன உடம்பும் மறுபக்கம் என்றால் நான் யோசிக்காமல் முதலாவதை எடுப்பேன்.

சரி, எஞ்சின். எனக்கு இந்த வண்டியின் மேல் இவ்வளவு பிரியம் வரக் காரணமே, போனட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும் என்பதுதான். இக்னிஷனுக்கு நம் ஊரில் அம்பாசடரும் பழைய புல்லட்டும் வைத்திருந்தவர்களுக்குப் பழகிய அதே பிளாட்டினம் பாயின்ட்தான். ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு அருமையான வேலை செய்திருக்கிறார்கள்: டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மேலே தூக்கும்படி ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் வழியாக ஆலன் கீயை நுழைத்து, பாயின்ட் மூடியிருக்கும் கோணத்தைக் காட்டும் டுவெல் மீட்டரைப் பார்த்துக்கொண்டே 30 டிகிரிக்குத் திருப்பி வைத்துவிடலாம். மூடியைக் கழற்ற வேண்டாம், ஃபீலர் கேஜ் வேண்டாம். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பக்கத்துத் தெருப் பெரியவர். அவர் மீட்டரைப் பார்ப்பதே இல்லை, சத்தத்திலேயே பிடித்துவிடுவார். நிறையப் பேர் இதைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுகிறார்கள், அதில் தப்பில்லை, பராமரிப்பு குறையும். நான் பாயின்ட்டையே வைத்திருக்கிறேன், கெட்டால் ரோட்டோரத்தில் என்னால் சரிசெய்ய முடியும் என்ற தைரியம் எனக்கு வேண்டும்.

பெட்ரோல் விஷயம் கொஞ்சம் தொல்லை. இந்த எஞ்சினின் கம்ப்ரஷன் 10.75க்கு 1. 67இல் மட்டும் வந்த 670 என்ற வார்ப்பு எண் கொண்ட சிலிண்டர் ஹெட், எரியறை இறுக்கமானது. ஈயம் கலந்த அந்தக் காலத்துப் பிரீமியம் பெட்ரோலுக்காகச் செய்தது இது. இன்றைக்குப் பம்பில் கிடைக்கும் 93 ஆக்டேனில் வெயில் நாளில் மேடு ஏறும்போது கவனிக்காவிட்டால் நாக் அடிக்கும், அதாவது பெட்ரோல் நேரம் தப்பி வெடித்து எஞ்சின் தட்டும். தீப்பொறி விழும் டைமிங்கைச் சற்றுப் பின்னுக்கு வைத்து, கார்புரேட்டரை ஒல்லியாக, அதாவது பெட்ரோல் குறைந்து காற்று கூடி, ஓடவிடாமல் பார்த்துக்கொண்டால் சமாளிக்கலாம். ஈயம் போனதால் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் தேய்ந்துபோகும் என்ற கவலையும் உண்டு, ஹெட்டை எப்போது பிரித்தாலும் கடினமாக்கிய வால்வு சீட் போட்டுவிடுங்கள். அதற்காகவே தனியாகப் பிரிக்க வேண்டியதில்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைத் தின்றுவிடும், எல்லாக் குழாயையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுவது வண்டி வீட்டுக்கு வந்ததும் செய்யும் முதல் வேலையாக இருக்கட்டும். நெருப்புப் பிடிக்கும் சமாச்சாரம் இது.

கார்புரேட்டர் ராச்செஸ்டர் குவாட்ராஜெட். திட்டுகிறவர்கள் நிறைய, எனக்கு ரொம்பப் பிடிக்கும். முன்னால் இரண்டு சின்னத் துளை, பின்னால் இரண்டு பெரிய துளை. மெதுவாகப் போகும்போது சின்னவை மட்டும் வேலை செய்யும், மிதித்தால் பெரியவை திறந்து ஒரு கரகரத்த சத்தம் வரும் பாருங்கள், அதற்காகவே மிதிக்கத் தோன்றும். இதன் பலவீனம் அடியில் உள்ள அடைப்பான்கள். அவை கசிந்தால் ஒரு வாரம் நிறுத்திய பிறகு கிண்ணத்தில் பெட்ரோலே இருக்காது, ஸ்டார்ட்டரை நிறைய நேரம் சுற்ற வேண்டியிருக்கும். எபாக்சி வைத்து அடைத்தால் தீர்ந்தது. குளிர்ந்த எஞ்சினை எழுப்ப, ஆக்சிலரேட்டரை ஒருமுறை அடிவரை மிதித்து விட்டால் சோக் தானே விழும், அப்புறம் சாவி. கேரேஜ் வீட்டோடு ஒட்டியிருந்தால் பெட்ரோல் வாசனை வீட்டுக்குள் வரும், என் மனைவிக்கு இந்த வண்டியில் இருக்கும் ஒரே குறை அதுதான்.

எஞ்சின் எண்ணெயில் சிக்கனம் பார்க்காதீர்கள். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டும் டேப்பட்டும் ஒன்றன்மேல் ஒன்று உரசிச் சறுக்கும் பழைய வகை, நடுவே துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த பாதுகாப்புப் பூச்சு இருந்தாக வேண்டும். இன்றைய கார்களில் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு ஆகாது என்பதால் சாதாரண எண்ணெய்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். பழைய கார்களுக்கென்றே விற்கும் எண்ணெயை வாங்குங்கள். அதேபோல கேம் ஷாஃப்ட்டைச் சுற்றும் டைமிங் செயினில் கேம் பக்கத்துச் சக்கரத்தின் பற்களில் சத்தம் குறைய நைலான் போர்த்தியிருப்பார்கள். அது வயதாகிப் பொடிப்பொடியாக உதிர்ந்து எண்ணெய்ப் பம்பின் சல்லடையை அடைக்கும், எஞ்சினே போய்விடும். இதுவரை மாற்றியதற்கு ஆதாரம் இல்லையென்றால் முழு இரும்புச் சக்கரத்துக்கு மாற்றுங்கள்.

சூடேறும் தொல்லையைப் பற்றி இங்கே ஒவ்வொருவரும் ஒரு வைத்தியம் சொல்வார்கள், பெரிய ரேடியேட்டர் போடு, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி என்று. பான்டியாக் எஞ்சினில் முதலில் பார்க்க வேண்டிய இடம் வேறு. தண்ணீர்ப் பம்ப் உட்காரும் டைமிங் கவருக்குள் தண்ணீரைப் பிரித்து அனுப்பும் தகடுகள் உண்டு. அவை அரித்துப்போனாலோ, பம்பின் விசிறிக்கும் தகட்டுக்கும் இடைவெளி அதிகமானாலோ, எவ்வளவு பெரிய ரேடியேட்டர் போட்டாலும் தண்ணீர் சுற்றாது. புதுத் தகடு வாங்கி, பம்பின் விசிறியைத் தொடாத அளவுக்கு நெருக்கமாக வளைத்துப் பொருத்தினேன். ஃபேனைச் சுற்றிய கூண்டும் அதன் இடத்தில் இருக்கட்டும். ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை உட்வர்ட் டிரீம் குரூஸில் ஆயிரக்கணக்கான பழைய கார்களோடு நத்தை வேகத்தில் ஊர்ந்தபோதும் சூட்டைக் காட்டும் முள் நடுவிலேயே நின்றது. 1995இல் ஃபெர்ன்டேலில் ஒரு கால்பந்து மைதானத்துக்கு நிதி திரட்ட ஆரம்பித்த ஊர்வலம் அது. அறுபதுகளில் இளவட்டங்கள் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்ட அதே உட்வர்ட் சாலையில், இந்த வண்டி பிறந்த ஊரை நோக்கி ஓட்டிக்கொண்டு போவது எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஓட்டுவது எப்படி என்றால், நேராகப் போவதற்குச் செய்த வண்டி. கிளட்ச் கனம். நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,200 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடும், ஏனென்றால் நான்காவது கியரே கடைசி, பின் ஆக்சில் விகிதம் 3.55. பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். 40, 50 மைல் வேகத்தில் ஊர்ப்புறச் சாலையில் மூன்றாவது கியரில் போகும்போதுதான் இந்த வண்டியின் அருமை தெரியும், லேசாக மிதித்தால் போதும், எங்கிருந்தோ ஒரு தள்ளு வந்துகொண்டே இருக்கும். 335 குதிரைத்திறன் என்பது அந்தக் காலத்து அளவு, எஞ்சினை வெளியே வைத்துத் துணைக்கருவிகள் இல்லாமல் அளந்தது, இன்றைய கணக்கில் குறையும். அதனால் என்ன, ஓட்டும்போது எண் எதுவும் ஞாபகம் வருவதில்லை.

பிரேக் மட்டும் அப்படியே விடக்கூடாது. டிஸ்க் ஆப்ஷன் வாங்காத வண்டியில் நான்கு சக்கரத்திலும் 9.5 அங்குல டிரம், நல்ல வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தும், உடனே இரண்டாவது முறை மிதித்தால் நம்பிக்கை குறையும். என் வண்டி டிரம்மோடு வந்தது, முன்னால் டிஸ்க் போட்டுவிட்டேன். ஒரிஜினல் போய்விட்டதே என்று சொன்னவர்களுக்கு, கழற்றிய டிரம்களை எண்ணெய் தடவி அலமாரியில் வைத்திருக்கிறேன் என்று பதில் சொன்னேன். டயரும் அப்படித்தான், ரேடியல் போடுங்கள். போட்டதும் வீல் அலைன்மென்ட் செய்யும்போது பழைய புத்தகத்து எண்ணை வைக்கவிடாதீர்கள், அது ரேடியலுக்கு முன்பிருந்த பயஸ்-பிளை என்ற பழைய வகை டயருக்கானது. நான் போன கடையில் புத்தகத்தைப் பார்த்து வைத்து அனுப்பினார்கள், நேரான சாலையிலேயே வண்டி அலைந்தது. கேஸ்டர் கோணத்தை, அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வை, பாசிட்டிவாக (மேல்முனை பின்னால் சாயும்படி) மாற்றிய பிறகு கையை விட்டாலும் நேராகப் போகிறது. கழுத்துக்குப் பின்னால் ஹெட்ரெஸ்ட் கிடையாது, இடுப்பு பெல்ட் மட்டும்தான். இதை மனதில் வைத்துத்தான் நான் மழையிலும் இருட்டிலும் எடுப்பதில்லை.

மிச்சிகனில் 26 வருடம் ஆன வண்டிக்கு ஹிஸ்டாரிக் நம்பர் பிளேட் மலிவாகக் கிடைக்கும், ஆனால் கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்கும் ஆகஸ்ட் மாதம் பொதுவான ஓட்டத்துக்கும்தான் அனுமதி. அடிக்கடி ஓட்ட நினைப்பதால் நான் சாதாரண பிளேட்டே வைத்திருக்கிறேன். இன்சூரன்ஸ் மட்டும் வண்டியின் மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளும் வகையில் எடுங்கள். பனிக்காலம் வந்ததும் டேங்கை நிரப்பி ஸ்டெபிலைசர் ஊற்றி, எண்ணெய் மாற்றி, பேட்டரியை மெயின்டெய்னரில் போட்டு, எலி புகாமல் சைலன்சர் வாயில் இரும்பு நார் அடைத்துவிட்டு அமைதியாக விட்டுவிடுவேன். வாரத்துக்கு ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கும் பழக்கம் வேண்டாம், எஞ்சின் முழுதாகச் சூடாகாததால் உள்ளே தண்ணீர் கோர்க்கும்.

பாகங்களுக்குப் பயப்பட வேண்டாம். பான்டியாக் என்ற பிராண்டே 2010இல் மூடப்பட்டாலும், ஏம்ஸ் மாதிரி பான்டியாக்குக்கென்றே இருக்கும் கடைகளின் கேட்டலாக்கில் ஒரு ஸ்க்ரூவுக்குக்கூடத் தனி எண் உண்டு. எஞ்சினுக்குப் பின்னால் எண்ணெய் கசியாமல் தடுக்கும் கயிறு சீல் மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது, இந்த வகை எஞ்சினின் பரம்பரைக் குணம் அது. அடியில் ஒரு தகரத் தட்டு வைத்திருக்கிறேன். வருகிற குளிர்காலத்தில் எஞ்சினை இறக்கி, கிராங்க் ஷாஃப்ட்டின் அந்த இடத்தை அளந்து பார்த்துவிட்டு, திரும்பக் கயிறா ரப்பரா என்று முடிவு செய்ய வேண்டும். பான்டியாக் 400இல் ரப்பர் சீல் போட்டு ஓட்டுகிறவர்கள் யாராவது இருந்தால் எந்த வகை போட்டீர்கள் என்று சொல்லுங்கள்.